வெள்ளை மண் வந்த வழி

விருத்தாசலம் பீங்கான் தொழிற்கூடங்களில் அச்சு வார்த்தும் சூளை காத்தும் உழைக்கின்ற சகோதர சகோதரிகளுக்கும், அந்தத் தொழிலைச் சாஸ்திரமாகக் கற்க வந்திருக்கும் மாணவ மாணவியருக்கும், நல்லூரிலிருந்து வயது முதிர்ந்த ஒருவன் எழுதும் மடல்.

சென்ற ஆண்டு கார்த்திகைக்கு அகல் வாங்குவதற்காக உங்கள் கூடம் ஒன்றுக்கு வந்திருந்தேன். விலை பேசி முடிந்து, விளக்குகளை வைக்கோல் இட்டுக் கட்டிக் கொடுத்த பிறகும் கிளம்ப மனம் வராமல் ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். அப்போது இருபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி, தொட்டியிலே பால்போலக் கரைந்து கிடந்த மண் குழம்பைக் குவளையால் மொண்டு, ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டியிருந்த பிள்ளையார் அச்சுக்குள் விளிம்பு வரையிலும் ஊற்றினார். பிளாஸ்டர் அச்சு குழம்பிலிருந்த நீரை உறிஞ்சிக்கொண்டு உட்சுவர் முழுதும் மண்ணால் ஒரு தோலை உண்டாக்கும் வரையில் பொறுத்திருந்து, மிச்சக் குழம்பைத் தொட்டிக்கே திரும்பக் கவிழ்த்தார். பிறகு வாரை அவிழ்த்து அச்சை இரண்டாகப் பிரித்தபோது, ஈரம் காயாத பிள்ளையார் தும்பிக்கை வளைவோடு அதனுள்ளே வீற்றிருந்தார். அந்தக் கைகளின் நிதானத்தை வியந்து, "இந்த மண் எங்கேயிருந்து வருகிறது, தம்பி?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "லாரியில வருதுங்க ஐயா" என்றார்.

அந்தப் பதிலில் குற்றம் ஏதும் இல்லை. அவருக்குத் தெரிந்த உண்மையை அவர் சொன்னார். ஆனால் நல்லூருக்குத் திரும்பும் பஸ்ஸிலும், அதற்குப் பிறகு பல இரவுகளிலும், அந்தப் பதில் என்னை விடவில்லை. அந்த லாரிக்குப் பின்னால் இரண்டு மனிதர்கள் நிற்கிறார்கள். ஒருவர் பெயரை நாடு அறியும், ஆயினும் உங்கள் கூடங்களிலே அதைச் சொல்லக் கேட்டதில்லை. மற்றவர் பெயரை எங்கள் குடும்பத்தைத் தவிர எவரும் அறியார். இருவரும் குடியானவர்கள், இருவரும் உழைப்பாளிகள், இருவரும் தம் தம் அளவிலே சாகசக்காரர்கள். அவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லாமல் போய்விட்டால், நான் பெற்ற கடனைத் தீர்க்காமல் போனவனாவேன் என்ற எண்ணத்தினாலேதான் இதை எழுதத் துணிந்தேன்.

முதலாமவர் நெய்வேலி ஜம்புலிங்க முதலியார். அனல் மின் நிலையங்களும் அகன்ற வீதிகளும் உள்ள இன்றைய நெய்வேலியைக் கண்டவர்களுக்கு அந்நாளைய நெய்வேலியைக் கற்பனை செய்வதே சிரமம். செம்மண் மேடு, முந்திரியும் பலாவும் தவிர நம்பி வைக்கத்தக்க பயிர் அதிகம் இல்லாத வானம் பார்த்த பூமி. அத்தகைய இடத்திலே நிலம் வைத்திருக்கும் ஒருவர் ஆசைப்படக்கூடிய ஐசுவரியம் தண்ணீர் ஒன்றுதான். 1935-ஆம் ஆண்டு முதலியார் தம்முடைய நிலத்திலே ஆழ்குழாய் இறக்கியபோது அவர் தேடியதும் அதுவே. தண்ணீர் வந்தது, ஆனால் அதனோடுகூடக் கறுப்பு நிறமாய் ஒரு பொருளும் கலந்து வந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கிணறு வெட்டுகிறவர்கள் மண்ணுக்குள்ளே எத்தனையோ விநோதங்களைக் காண்கிறார்கள். சிப்பி கிடைக்கிறது, கல்லாய்ச் சமைந்த மரம் கிடைக்கிறது. நமக்கு வடக்கே திருவக்கரையில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சாய்ந்த மரங்கள் கல்லாகவே மாறிப் பூமியின்மேல் கிடப்பதை உங்களில் சிலர் சுற்றுலா சென்றபோது பார்த்திருக்கலாம். இவற்றைக் காண்கிற குடியானவன் என்ன செய்கிறான்? ஒரு நிமிஷம் ஆச்சரியப்படுகிறான், அண்டை வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறான், பிறகு தன் காரியத்தைப் பார்க்கப் போகிறான். அவனைக் குறைசொல்வதற்கில்லை; பருவம் தவறினால் அவன் குடும்பம் பட்டினி கிடக்கும். தண்ணீர் கெட்டுவிட்டதே என்று நொந்து, அந்தக் குழியை மூடிவிட்டு வேறொரு மூலையிலே தோண்டியிருந்தாலும் முதலியாரை எவரும் ஏன் என்று கேட்டிருக்கப்போவதில்லை. அவரோ அந்தக் கறுப்புப் பொருள் இன்னதென்று அறிந்தே தீரவேண்டும் என்று உறுதி கொண்டு, அதை அரசாங்கத்தாரின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். கப்பலேறிக் கடல் கடப்பதையே சாகசம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். சொந்த நிலத்திலே, சொந்தக் குடும்பத்தின் ஜீவனத்துக்கு ஆதாரமான மண்ணிலே, தெரியாத ஒன்று தலைகாட்டியபோது அதைத் துரத்திக்கொண்டு போவதும் சாகசமே என்பது என் அபிப்பிராயம். கடலோடிக்குத் திரும்பி வர ஒரு வீடு உண்டு. இவரோ அந்த வீட்டின் அஸ்திவாரத்தையே பணயம் வைத்தவர்.

அந்தக் காலத்திலே தென்னாட்டுக்கு நிலக்கரி என்பது வடக்கேயிருந்து வரவேண்டிய பொருள். வங்காளத்திலும் பீகாரிலும் வெட்டியெடுத்த கரி, ரயிலிலும் கப்பலிலும் ஏறி, நெடுந்தூரம் கடந்து சென்னை மாகாணத்துக்கு வந்து சேரும். இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது அந்த வழியும் இறுகிவிட்டது. இந்த நெருக்கடியின் நடுவிலே, 1943-க்கும் 1946-க்கும் இடையில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் நெய்வேலி வட்டாரத்திலே துளையிட்டுப் பார்த்து, பழுப்பு நிலக்கரி பெருமளவில் படிந்திருப்பதை உறுதிசெய்தார்கள். அதற்குப் பிறகு அமெரிக்க நிபுணர் வந்து பார்த்ததும், இங்கிலாந்துக் கம்பெனி திட்ட அறிக்கை தயாரித்ததும், 1956 நவம்பர் 14-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானதும், 1957 மே 20-இல் பண்டித நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்ததும் சரித்திரப் புத்தகங்களிலே உள்ள செய்திகள். நான் அவற்றில் தங்கப்போவதில்லை. கணக்கொன்றை மாத்திரம் சொல்லுகிறேன். கறுப்புத் தண்ணீரைக் கண்டது 1935. சுரங்கத்தின் அடியிலே கரிப் படுகை வெளிச்சத்துக்கு வந்தது 1961 ஆகஸ்டு. இடையிலே 26 ஆண்டுகள். ஒரு தென்னம்பிள்ளையை நட்டுக் காய் பறிப்பதற்கு ஆகும் காலத்தைப் போலப் பன்மடங்கு அது. அந்தக் கரிக்காக, தமக்கிருந்த நிலத்திலே 600 ஏக்கருக்கு மேற்பட்ட பூமியை முதலியார் அரசாங்கத்துக்குத் தானமாக அளித்தார். வரப்புத் தகராறுக்காக ஒரு முழ நிலத்துக்குக் கோர்ட்டு வாசல் ஏறித் தலைமுறைகளைத் தொலைத்த குடும்பங்கள் நிறைந்த நம்முடைய ஜில்லாவிலே, இது எப்பேர்ப்பட்ட காரியம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி இரண்டாமவர். அவர் என்னுடைய தகப்பனார்.

எங்களுக்கு நல்லூரிலே, மணிமுத்தாறும் கோமுகியும் கூடுகிற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், மானாவாரியாக இரண்டு காணி இருந்தது. மல்லாட்டை போடுவார், வரகு விதைப்பார், மழை பொய்த்த வருஷத்திலே கூலிக்குப் போவார். நாலு பிள்ளைகளில் மூத்தவன் நான். நேரு வந்த அன்று, விருத்தாசலத்திலிருந்து திரண்டுபோன ஜனங்களோடு அவரும் போயிருந்தார். பேச்சு முழுதும் புரியவில்லை என்று பிற்காலத்தில் சொல்லுவார். ஆனால் அன்றைய கூட்டத்துக்குப் பின்னால் வரிசையாக நின்ற இயந்திரங்களைப் பார்த்ததும் அவருடைய மனம் வீட்டைவிட்டு ஒரு பாதி வெளியேறிவிட்டது என்பதை என் தாயார் அன்றிரவே கண்டுகொண்டாள். சுரங்க வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்த தினம் வீட்டில் நடந்த சம்பாஷணை இன்னும் என் செவியிலே இருக்கிறது.

"வூட்டுல நாலு புள்ளைங்கள வச்சிக்கிட்டு, பாதாளத்துல எறங்குறேன்றியே, இது அடுக்குமா?" என்று கேட்டாள் தாயார்.

"மண்ணு எனக்குப் புதுசா? இத்தினி நாளு மேலாக்க கீறிக்கிட்டிருந்தேன். இனிமேட்டு கொஞ்சம் ஆழமா கீறப்போறேன், அவ்வளவுதான்" என்றார் அவர்.

அந்தப் பாதாளத்தைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரிப் படுகை மேலாக இருப்பதன்று. அதற்கு மேலே கடலூர் மணற்கல் என்று நிலவியலார் சொல்லும் கடினமான மண்ணும் கல்லும் மூடியிருக்கின்றன. ஜெர்மனியிலிருந்து வந்த ராட்டினம் போன்ற வாளிச் சக்கர இயந்திரங்களின் பற்களையே அந்த மணற்கல் தேய்த்துத் தின்றுவிட்டது. வெடி வைத்துத் தளர்த்தின பிறகுதான் இயந்திரம் கடிக்க முடிந்தது. அதைவிடப் பெரிய அபாயம் கரிக்குக் கீழே இருந்தது. அங்கே பூமிக்குள் அடைபட்ட தண்ணீர் மிகுந்த அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே மூடியிருக்கும் பாரத்தை எடுத்துவிட்டால், அந்தத் தண்ணீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு பொங்கிவிடும். ஆகையினால் சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி, இரவு பகல் ஓயாமல் நீரை இறைத்து, அந்த அழுத்தத்தைத் தணித்துக்கொண்டேதான் கரியை வெட்டவேண்டும். என் தகப்பனாருக்குக் கிடைத்த வேலை அந்தப் பம்புகளின் காவலில்.

இந்த விசித்திரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். முதலியார் தண்ணீருக்காகத் தோண்டினார், கரி வந்தது. என் தகப்பனார் கரிக்காகத் தண்ணீரை இறைத்தார். ஒரே ஊற்றின் இரண்டு கரையிலே, ஒருவரையொருவர் நேரிலே அறியாமல், இந்த இரண்டு குடியானவர்களும் நின்றார்கள்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை ரயிலேறி விருத்தாசலத்தில் இறங்கி, வண்டி கிடைத்தால் வண்டியிலும் இல்லாவிட்டால் நடந்தும் வீடு வந்து சேருவார். வந்த இரவிலே அவருக்கு உறக்கம் கொள்ளாது. பம்பின் சப்தத்திலேயே தூங்கிப் பழகியவர்க்கு நல்லூரின் நிசப்தம் அபாயக் குறியாகப்படும். நடுச்சாமத்திலே திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, "சத்தம் நின்னுடுச்சே" என்பார். தாயார் அவர் முதுகைத் தடவி, "இது நம்ம வூடு. இங்க பம்பு இல்ல, படு" என்று சொல்லுவாள். விடிந்ததும் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சொந்தக் காணிக்குப் போய்விடுவார். ஓய்வுக்கென்று வந்த இரண்டு நாளும் வரப்பைக் கட்டுவார், கூரையைச் சீர்படுத்துவார், எங்கள் சிலேட்டைக் கேட்டு வாங்கி எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்ப்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த நாலு பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பியது அந்தப் பம்பின் சப்தம்தான்.

ஒருமுறை வந்தபோது, துண்டின் முனையிலே எதையோ முடிச்சுப்போட்டுக் கொண்டுவந்தார். பொட்டுக்கடலை என்று நினைத்து நாங்கள் ஓடினோம். அவிழ்த்தால், உள்ளே கைப்பிடி அளவு வெள்ளை மண். எங்கள் ஊரிலே செம்மண் உண்டு, கரிசல் உண்டு, ஆற்று வண்டல் உண்டு. இப்படி அரிசி மாவைப்போல வெளுத்து, தொட்டால் வெண்ணெய்போல வழுவழுக்கிற மண்ணை நாங்கள் கண்டதில்லை. கரிக்கு மேலே மூடிக் கிடக்கும் அடுக்குகளில் இப்படியொரு வெள்ளைக் களிமண்ணும் இருக்கிறதென்றும், அதைத் தனியே ஒதுக்குகிறார்களென்றும் அவர் சொன்னார். அன்று சாயங்காலம் திண்ணையிலே உட்கார்ந்து, அந்த மண்ணைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, தம் முரட்டு விரல்களால் ஒரு யானையைச் செய்தார். தும்பிக்கை சற்றே கோணல். காதுகளிரண்டும் ஒரே அளவினவாக இல்லை. முதுகிலே அவருடைய பெருவிரல் ரேகை அழுந்திப் பதிந்திருக்கிறது.

பிள்ளைகளே, உங்கள் தொழில் இந்த ஊருக்கு வந்த வழி இதுதான். கரிக்காகப் புரட்டியெடுத்த மண்ணிலே இந்த வெள்ளைக் களிமண் அகப்பட்டது. அதைக் கழுவிச் சுத்தம்செய்ய நெய்வேலியிலே ஓர் ஆலை வைத்தார்கள். பக்கத்திலே மண் கிடைக்கிற சௌகரியத்தினாலே விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை தழைத்தது. மின்சாரக் கம்பத்துக்கு வேண்டிய இன்சுலேட்டர், வீட்டுச் சுவரிலே மாட்டுகிற ஃப்யூஸ் கேரியர், தேநீர்க் கோப்பை, கொலுப் பொம்மை, கார்த்திகை அகல் என்று உங்கள் கூடங்களிலிருந்து புறப்பட்டவை எத்தனை! சுந்தரர் இவ்வூர் மணிமுத்தாற்றிலே பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்தார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நெய்வேலியிலே ஒருவர் தம் நிலத்தைப் போட, அதை மணிமுத்தாற்றங்கரையிலே வெள்ளை மண்ணாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்நாளில் வேறு ஊர்களிலிருந்தும் உங்களுக்கு மண் வரலாம். ஆனால் இந்தத் தொழில் இங்கே வேரூன்றியதற்குக் காரணம் அந்தப் பள்ளமே என்பதை மறந்துவிடலாகாது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருப்பேனானால் நான் உண்மை எழுதினவனாக மாட்டேன். முதலியார் மனமுவந்து கொடுத்தார். அவருக்குப் பிறகு எத்தனையோ குடியானவர்கள் கொடுக்க மனமில்லாமலேயே கொடுக்க நேர்ந்தது. சுரங்கம் விரிய விரிய, குலதெய்வத்தையும் முன்னோர் சமாதியையும் விட்டுவிட்டு ஊர் ஊராகப் பெயர்ந்தார்கள். 2023 ஜூலையிலே வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கிய செய்தியைக் கேட்டபோது, நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. பழமலைநாதர் கோயிலுக்குத் திருப்பணி செய்த விபசித்து முனிவர், கூலியாட்களுக்கு வன்னி இலையைக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாக மாறிற்று என்றும் நம் ஸ்தல புராணம் சொல்லுகிறது. நெய்வேலியைச் சுற்றியுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் அவ்விதம் இலை பொன்னாகவில்லை. முதலியாரை நினைக்கிறவர்கள் அவர்களையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். தானம் என்ற சொல்லுக்கு ஒரு மனிதர் அவ்வளவு பெருமை சேர்த்த மண்ணிலே, விருப்பமில்லாதவன் கையிலிருந்து நிலத்தைப் பறிப்பது அவருக்கும் செய்கிற அவமரியாதை என்றே நான் கருதுகிறேன்.

என் தகப்பனார் காலமாகி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சுரங்கத்தை விட்டு ஓய்வு பெற்று நல்லூருக்குத் திரும்பிய பிறகும் அவர் சும்மா இருந்தவரல்லர். அறுபது வயதுக்கு மேலே சைக்கிள் கற்றுக்கொண்டு, முட்டியிலே காயத்தோடு விருத்தாசலம் வரை ஓட்டிக்கொண்டு போய், பேரப்பிள்ளைகளுக்கு உங்கள் தொழிற்பேட்டையிலிருந்து பீங்கான் கிளி வாங்கிவந்தார். அதைக் கையிலே ஏந்திப் பார்த்துவிட்டு, "நான் தூர வாரிப்போட்ட மண்ணுடா இது" என்றார். அவர் குரலிலே அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

உங்களிடத்தில் எனக்கு இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. ஆயுத பூஜையன்று அச்சுகளையும் சல்லடைகளையும் கழுவிப் பொட்டு வைத்துப் படைக்கிறீர்கள் அல்லவா? அந்த வரிசையிலே, இந்த வருஷம் முதலாக, ஒரு கட்டிப் பழுப்பு நிலக்கரியையும் ஒரு சொம்பு தண்ணீரையும் வைத்து, ஜம்புலிங்க முதலியார் என்ற பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளை அது யார் என்று கேட்கும். அப்போது சொல்லிக்கொடுங்கள்.

இரண்டாவது விண்ணப்பம் என் சொந்தக் காரியம். இந்த மடலோடு, பஞ்சிலே சுற்றி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் அந்த யானையை அனுப்பியிருக்கிறேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டு மாடத்திலே, வெயிலிலே காய்ந்தது காய்ந்தபடியே, சூளையைக் காணாமல் இருந்துவருகிறது. மழைக்காலத்தில் அதன் கால்கள் நெகிழ்ந்து வெள்ளையாய் உதிர்கின்றன. சுட்டுவிட்டால் நிலைக்கும் என்று என் பேத்தி சொல்லுகிறாள். ஆனால் தகப்பனார் உங்களைப்போல உள்ளே கூடாக வைத்துச் செய்யத் தெரிந்தவரல்லர். அது முழுக்கட்டியான மண். கனமான மண்ணுக்குள்ளே கொஞ்சம் ஈரம் தங்கியிருந்தாலும் சூட்டிலே அது ஆவியாகிப் பொருளை வெடிக்கச் செய்துவிடும் என்று நீங்களே ஒருநாள் எனக்கு விளக்கியிருக்கிறீர்கள். சூளையின் போக்கை அறிந்தவர்கள் கையிலே எடுத்துப் பாருங்கள். பல நாள் மெல்லச் சூடேற்றிச் சுட முடியுமென்றால் சுடுங்கள். முடியாதென்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள், பஞ்சும் டப்பாவும் அதிலேயே இருக்கின்றன. எதைச் செய்வதாயினும், முதுகின்மேல் மெருகு பூசும்போது அந்தப் பெருவிரல் ரேகை மறையாதபடி பார்த்துக்கொள்ளும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நல்லூர்ப் பம்புக்காரர் மகன்